லீவ் லெட்டர்ல என்ன காரணம் எழுத?

ஒன்பதாங்கிளாஸ் படிக்க எம் மக செப்டம்பர்ல ஒரு புதன்கிழம ராத்திரி தோசைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது, "எம்மா, வெள்ளிக்கிழம நான் ஸ்கூலுக்குப் போகல, ஆத்தங்கரையில பருவநிலை மாற்றத்துக்காக ஒரு போராட்டம் இருக்கு, காலேஜ் அக்காமாரு நடத்துதாவ, நானும் போணும்"னா. அடுப்புல இருந்த தோசைய நான் திருப்பல, கருகிப் போச்சு. காலாண்டுப் பரீட்சைக்கு ஒரு வாரந்தான் இருக்கு, இவ இப்படிக் கேக்கா.

அவ அப்பா ஹால்ல இருந்துக்கிட்டே "ஒண்ணும் வேண்டாம்"னுட்டாவ. பொறவு கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பிள்ள சாப்ட்டுட்டு கை கழுவிட்டு வந்து என் பக்கத்துல நின்னு, "காரணம் சொல்லி வேண்டாம்னு சொல்லச் சொல்லும்மா"ன்னா. அது நியாயந்தானன்னு எனக்குத் தோணுச்சு. வேண்டாம்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு, ஆனா ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைக்கு ஏன்னு சொல்லணும்லா.

மொதல்ல இதச் சொல்லிருதேன். எங்க வீட்ல பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு போடுததுங்கது பெரிய பாவம் ஒண்ணும் கெடையாது. ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் குடில் போட்டுத் தங்குனா ரெண்டு நாளு போயிரும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில், ஊர்ல கொடை, சொந்தத்துல சடங்கு, கல்யாணம்னு வருசத்துக்கு எட்டு பத்து நாளு சர்வசாதாரணமா போகும். எல்லாத்துக்கும் லீவ் லெட்டர்ல நான் எழுதுத காரணம் ஒண்ணே ஒண்ணுதான், காய்ச்சல். எங்கம்மையும் எனக்கு அப்படித்தான் எழுதிக் குடுத்தா. அதனால நான் அன்னிக்கு ராத்திரி பிள்ளைகிட்ட மெதுவா, "அப்பாவ நான் பேசிக்கிடுதேன், ஒரு நாள்தான, காய்ச்சல்னு எழுதிக் குடுத்துருதேன்"னேன். அவ என்னையப் பாத்த பார்வை இருக்கே. "நான் எதுக்குப் போறேன்னு சொல்லாம போனா அது போராட்டமாம்மா, கட் அடிக்கதுலா"ன்னா.

அந்த ஒரு வார்த்தையிலதான் நான் மாட்டுனேன். அதுக்குப் பொறவு இது லீவு போடலாமா வேண்டாமாங்கத விட, என்ன எழுதுததுங்க கேள்வியா எனக்கு மாறிட்டு.

இவிய ஏன் வேண்டாம்னு சொன்னாவங்கத நான் கொஞ்சம் வெவரமா எழுதணும், ஏன்னா வெளிய இருந்து பாக்கவங்க 'பரீட்ச மார்க்குக்குப் பயந்த அப்பா'ன்னு நெனச்சுருவாவ. மார்க் பயமே இல்ல. 1999 ஜூலை 23-ந் தேதி இவிய இங்கன திருநெல்வேலியில காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தாவ. மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளிங்க கூலி உயர்வு கேட்டும் ஜெயில்ல போட்ட ஆளுகள விடச் சொல்லியும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா வந்தாவ, போலீஸ் அடிச்சு வெரட்டுனதுல ஆத்துக்குள்ள ஓடுனாவ, 17 பேரு செத்துப் போனாவ, அதுல ரெண்டு வயசுக் குழந்தையும் உண்டு. மறுநாளு பாலத்துல பஸ்ஸுல போகும்போது கரையில கெடந்த செருப்புகளப் பாத்தேன்னு இவிய கல்யாணமான புதுசுல ஒரு தடவ எங்கிட்ட சொன்னாவ, அதுக்கப்புறம் சொன்னதே இல்ல. பொறவு 2018 மே 22, தூத்துக்குடி, ஸ்டெர்லைட் போராட்டத்தோட நூறாவது நாள், அன்னிக்கும் கலெக்டர் ஆபீசுக்குத்தான் போனாவ, துப்பாக்கிச் சூட்டுல 13 பேரு. அதுல ஒரு பிள்ளைக்கு 17 வயசு. அன்னிக்கு எங்க வீட்ல டிவிய ஆஃப் பண்ணிட்டு எம் மகளத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு இருந்தாவ இவிய, அப்போ அவளுக்கு ஏழு வயசு. இப்பிடி இருக்க மனுசன்கிட்ட போயி போராட்டம்னு ஒரு வார்த்தையச் சொன்னா அவிய காதுல அது வேற மாதிரிதான் விழும். சுவீடன்ல கிரேட்டா துன்பர்க்னு ஒரு பிள்ள பருவநிலை மாற்றத்துக்காக ஸ்கூலுக்குப் போகாம பாராளுமன்றத்துக்கு முன்னால அட்டைய வச்சுக்கிட்டு தனியா உக்காந்துச்சுன்னா அந்த ஊர்ல அது ஒரு கத, தாமிரபரணிக் கரையில உக்காந்தா இந்த ஊர்ல அது வேற கத. இத வெளிநாட்டுச் செய்தியப் பாத்துட்டு நம்ம பிள்ளைங்க கிட்ட 'தைரியமாப் போ'ன்னு சொல்லுதவங்க யோசிக்கணும்.

இன்னொண்ணு, 2021 பிப்ரவரியில பெங்களூர்ல திஷா ரவிங்க பொண்ண டெல்லி போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சே, விவசாயிகள் போராட்டத்துக்கு எப்படி ஆதரவு குடுக்கலாம்னு சொல்லுத ஒரு டூல்கிட்ட (ஆன்லைன் கையேடு) எடிட் பண்ணுச்சுன்னு, பத்து நாள் கழிச்சுத்தான் ஜாமீன் கெடச்சுது. அந்தப் பொண்ணும் கிரேட்டா ஆரம்பிச்ச இதே வெள்ளிக்கிழமைப் போராட்ட இயக்கத்துல இருந்த பொண்ணுதான். இவிய அதையும் சொன்னாவ. "இன்னைக்கு ஃபோட்டோ எடுத்துப் போடுவானுவ, நாளைக்கு பாஸ்போர்ட்டுக்குப் போனா கேப்பானுவ"ன்னாவ. இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல.

ஆனா பிள்ளையோட பக்கத்துல ஒரு காரணம் இருந்துச்சு, அது இவியளோட அம்ம. எங்க அத்த தூத்துக்குடி மாவட்டத்துல தாமிரபரணிக் கரையில உள்ள ஏரல்ல இருக்காவ. 2023 டிசம்பர் 17 ஞாயித்துக்கிழம ஆரம்பிச்ச மழ யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு வருசம் முழுக்கப் பெய்யுதத விட அது கூட. ஆத்துல தண்ணி வந்தது மட்டுமில்ல, குளத்துக் கரையெல்லாம் ஒடஞ்சு காட்டுத் தண்ணியும் ஊருக்குள்ள வந்துட்டு. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு எண்ணூறு பேரு போல மாட்டிக்கிட்டது எல்லா டிவியிலயும் வந்துச்சு, ஏரல் பத்தி மொத ரெண்டு நாளு ஒரு தகவலும் வரல. கரண்ட் இல்ல, டவர் இல்ல, போற வழியெல்லாம் அத்துப் போச்சு. அத்தயும் பக்கத்து வீட்டுக்காரங்களும் மச்சுல ஏறி உக்காந்துருக்காவ, கீழ அடுப்படியில ஆறு ஓடுது. இங்க ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் சிந்துபூந்துறையும் மீனாட்சிபுரமும் தண்ணிக்குள்ள, குறுக்குத்துறை முருகன் கோயில் எங்க இருக்குன்னே தெரியல, இவிய கிறுக்குப் பிடிச்ச மாதிரி வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துக்கிட்டு இருந்தாவ. நாலாவது நாளுதான் போக முடிஞ்சுது. அத்த மெலிஞ்சு போயி, இவியளப் பாத்ததும் மொதல்ல கேட்டது "பிள்ள சாப்ட்டாளா"ன்னுதான்.

அப்போ எம் மக ஏழாங்கிளாஸ். அவ ஆச்சியோட ட்ரங்கு பெட்டிக்குள்ள இருந்த பழைய ஃபோட்டோவெல்லாம் சேறோட ஒட்டிக்கிட்டத அவதான் ஒண்ணொண்ணா பிரிச்சு வெயில்ல காய வச்சா. அவளுக்கு பருவநிலை மாற்றம்னா அந்தச் சேறு. பனிக்கரடியும் அண்டார்டிகாவும் எல்லாம் பொறவு வந்தது.

நான் அவகிட்ட ஒரு விசயம் கேட்டேன், நெசமாவே தெரிஞ்சுக்கிடணும்னுதான் கேட்டேன். "அந்த மழைக்கு காரணம் இதுதான்னு உனக்கு எப்பிடி தெரியும், 92-லயும் வெள்ளம் வந்துச்சே, அப்போ நான் சின்னப்பிள்ள, எங்க தாத்தா கழுத்துல உக்காந்து தண்ணியப் பாத்தது எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னேன். அதுக்கு அவ, "ஒரு மழைய எடுத்து இதுதான்னு சொல்ல முடியாதும்மா, ஆனா காத்து 1 டிகிரி சூடு கூடுனா 7 சதவீதம் கூட ஈரம் பிடிச்சு வச்சுக்கிடும், கடலும் சூடாயிட்டே இருக்கு, பெய்யும்போது கொட்டித் தீத்துரும், பெய்யாட்டா பெய்யவே செய்யாது, அப்புறம் குளத்த தூர் வாராம கரைய கெட்டாம வச்சிருந்தது நம்ம தப்பு, ரெண்டும் சேந்துதான் ஆச்சி வீட்டுக்கு வந்துச்சு"ன்னா. வளிமண்டலம் பாடம் ஒன்பதாங்கிளாஸ் சமூக அறிவியல்லயே இருக்கு, அதோட சேத்துப் படிச்சிருக்கா. எனக்கு அந்த 'ரெண்டும் சேந்துதான்' பிடிச்சிருந்துச்சு. எல்லாத்தையும் வெளிநாட்டுக்காரன் தலையில போடல, எல்லாத்தையும் நம்ம பஞ்சாயத்து தலையிலயும் போடல.

அப்புறம் ஒரு கணக்கும் போட்டுக் காட்டுனா. 2023-ல வெயிலுக்காக ஜூன் 1 தொறக்க வேண்டிய ஸ்கூல 12-க்குத் தள்ளுனாவ. அந்த டிசம்பர்ல வெள்ளத்துக்கு லீவு விட்டு அரையாண்டுப் பரீட்சையே ஜனவரிக்குப் போச்சு. 2024-ல திரும்ப வெயிலு, ஜூன் 6 போயி 10 ஆச்சு. "இதுக்கெல்லாம் நீங்க யாரும் ஹெச்.எம்.கிட்ட போயி பாடம் போச்சேன்னு கேக்கலயேம்மா"ன்னா. இவிய அதக் கேட்டுக்கிட்டுதான் இருந்தாவ, பேப்பர் படிக்கித மாதிரி.

பெரிய ஊர்கள்ல இத எப்படி முடிவு பண்ணாவன்னு நானும் ராத்திரி ஃபோன்ல தேடிப் பாத்தேன். 2018 ஆகஸ்ட் 20 அன்னிக்கு கிரேட்டா துன்பர்க் மொத மொதல்ல உக்காந்தப்போ 15 வயசு, அவ அப்பாவே இது நல்ல யோசன இல்லன்னுதான் நெனச்சாராம். அந்தப் பிள்ள பின்னால ஒரு வருசம் படிப்ப நிறுத்தி வச்சு 2020-ல திரும்பப் போச்சு, அதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லணும், அது சும்மா கெடைச்சது இல்ல. ஆஸ்திரேலியாவுல அப்போ பிரதமரா இருந்த ஸ்காட் மாரிசன் ஸ்கூல்ல படிப்பு கூடணும் போராட்டம் குறையணும்ங்கத மாதிரி சொன்னாரு, பதிலுக்கு அந்த ஊர்ப் பிள்ளைங்க ஆயிரக்கணக்குல தெருவுக்கு வந்துட்டு. என்னைய நிறுத்துனது நியூயார்க்தான். உலகம் பூரா நடந்த 2019 செப்டம்பர் 20 பருவநிலைப் போராட்டத்துக்கு அங்க அரசுப் பள்ளிப் பிள்ளைங்க 11 லட்சம் பேருக்கும், பெத்தவங்க சம்மதம் இருந்தா அன்னிக்கு வராதத மன்னிச்சு விடுதோம்னு நகரமே சொல்லிருக்கு. அதாவது பெத்தவங்க நெசமான காரணத்தச் சொல்லலாம். ஒருத்தரும் காய்ச்சல்னு எழுத வேண்டியது இல்ல. நம்ம ஊர்லயும் ஹரித்வார்ல ரிதிமா பாண்டேன்னு ஒரு பிள்ள 2017-ல ஒன்பது வயசுலயே பசுமைத் தீர்ப்பாயத்துல மனு போட்டுச்சு, 2019 ஜனவரியில அத தள்ளுபடி பண்ணிட்டாவ. கோர்ட்டுக்குப் போனாலும் கேக்கல, ரோட்டுல நின்னா படிப்பு போச்சுன்னு சொல்லுதாவ, பிள்ளைங்க எங்க போயி பேசணும்னு எனக்கு நெசமாவே கோவமா வந்துச்சு.

மறுநாளு வியாழக்கிழம காலையில எங்க தெருக் கடைசியில பீடி சுத்துத அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க பிள்ளையும் எம் மகளும் ஒரே கிளாஸ், ரெண்டு பேரும் சேந்துதான் இதப் பேசி வச்சிருக்காளுவ. அக்கா தட்ட மடியில வச்சுக்கிட்டு கை நிறுத்தாம இலைய வெட்டிக்கிட்டே, "எம் பிள்ளைய நான் விட மாட்டேன், நீங்க தப்பா நெனைக்காதிய"ன்னாவ. "ஒங்க பிள்ளைக்கு ஒரு நாள் பாடம் போச்சுன்னா நீங்க இருந்து சொல்லிக் குடுப்பிய, எம் பிள்ளைக்கு அந்த டீச்சர விட்டா ஆளு யாரு. நான் எட்டு வயசுல இந்தத் தட்டு முன்னால உக்காந்தேன், ஒரு நாள் போகலன்னு ஆரம்பிச்சுத்தான் என் ஸ்கூல் நின்னுச்சு"ன்னாவ. நான் ஒண்ணும் பேசல. என்ன பேச. அவங்க சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. இந்தப் போராட்டத்துக்கு வராத பிள்ளைங்கள அக்கறையில்லாத பிள்ளைங்கன்னு சொல்லுதவங்கள நான் கண்டா இந்த அக்காவக் கூட்டிட்டுப் போயி காட்டணும். அதே மழையில அவங்க வீட்டுக் கூரையும்தான் ஒழுகி மூணு நாள் எலையும் தூளும் நனஞ்சு போச்சு. அக்கற அவங்களுக்கு என்னைய விடக் கூட.

ஆக எங்க வீட்ல சரி, அந்த வீட்ல வேண்டாம், ரெண்டும் சரின்னுதான் நான் நெனைக்கேன். எனக்கு இன்னும் சில விசயத்துல அபிப்பிராயம் உண்டு, சொல்லிருதேன். வாரா வாரம்னா நான் சம்மதிச்சிருக்க மாட்டேன், வருசத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவ, அவ்வளவுதான். எட்டாங்கிளாசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள இதுக்குக் கூட்டிட்டுப் போவக் கூடாது. எல்.கே.ஜி. பிள்ள கையில அதுக்கு வாசிக்கத் தெரியாத அட்டையக் குடுத்து ஃபோட்டோ எடுக்கது எனக்குப் பிடிக்கல, அது பிள்ளையோட பேச்சு இல்ல, நம்ம பேச்சு. கேட்ட பிள்ளைக்கு காரணம் சொல்லத் தெரியணும், பெத்தவங்கள்ல ஒரு ஆளு கூட நிக்கணும்.

அன்னிக்கு மத்தியானம் நடத்துத பொண்ணுக்கு நானே ஃபோன் போட்டேன். கலெக்டர் ஆபீஸ் பக்கமா போறியளான்னுதான் மொதல்ல கேட்டேன், இல்ல ஆண்ட்டி, வண்ணார்பேட்ட பக்கம் ஆத்தங்கரையிலதான், பத்து மணில இருந்து பதினொன்றரை வரைக்கும், ரோட்டுக்கு வர மாட்டோம்னுச்சு. போலீஸ் அனுமதிக் கடிதத்த வாட்ஸ்அப்ல அனுப்பிச்சு. பிள்ளைங்க மொகத்த ஃபோட்டோவுல போடாதியம்மான்னேன், சரின்னுச்சு. இவியகிட்ட கடிதத்தக் காட்டுனேன். ரொம்ப நேரம் வாசிச்சாவ. "நீ கூடப் போவியா"ன்னாவ. போவேன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

பொறவு உக்காந்து லீவ் லெட்டர எழுதுனேன். இத்தன வருசத்துல மொத தடவையா பேனா ஓடல. கடைசியில, 'என் மகள் வெள்ளிக்கிழமை அன்று பருவநிலை மாற்றம் குறித்து மாணவர்கள் ஆற்றங்கரையில் நடத்தும் அமைதியான கூட்டத்தில் என் சம்மதத்துடனும் என் துணையுடனும் கலந்துகொள்ள இருப்பதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்'னு எழுதி கையெழுத்து போட்டேன். அன்னிக்கே சாயங்காலம் கிளாஸ் டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்தோம், பக்கத்துலதான் இருக்காவ. அவிய படிச்சுப் பாத்துட்டு, "காரணத்த மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துருங்க, ஒடம்பு சரியில்லன்னு போட்டா எனக்கும் பிரச்சன இல்ல, பிள்ளைக்கும் பிரச்சன இல்ல"ன்னாவ. அவிய கெட்ட எண்ணத்துல சொல்லல, நல்ல டீச்சர், இவளுக்காக எத்தனையோ செஞ்சிருக்காவ. இதுக்கு நான் கையெழுத்து போட்டா நாளைக்கு எங்கிட்டலா மேல கேப்பாவன்னு சொன்னதும் நெசந்தான். நான் தயங்குனேன், ஒத்துக்கிடுதேன். பிள்ளதான், "டீச்சர், அனுமதி வேண்டாம், ஆப்சென்ட் போட்ருங்க, ஆனா லெட்டர் இதுவே இருக்கட்டும்"னா. டீச்சர் அவளையே கொஞ்ச நேரம் பாத்துட்டு லெட்டர மடிச்சு கைப்பைக்குள்ள வச்சாவ.

வெள்ளிக்கிழம போனோம். முப்பது பேரு இருக்கும், பாதிக்கு மேல காலேஜ் பிள்ளைங்க, யூனிஃபார்ம் வயசுல ஏழெட்டு. ஆத்துல தண்ணி கொறவு, ஆகாயத்தாமர மண்டிக் கெடக்கு, அந்தப் பக்கம் ஓடையில இருந்து சாக்கட வந்து கலக்குத வாடை. சார்ட் பேப்பர்ல என்னென்னமோ எழுதியிருந்துச்சுங்க, எம் மக அட்டையில 'எங்க ஆச்சி வீட்டுக்குள்ள ஆறு வந்துச்சு'ன்னு மட்டும் இருந்துச்சு, தேதியும் போட்டிருந்தா. ரெண்டு போலீஸ்காரங்க வந்தாவ, எனக்கு வயித்தக் கலக்கிட்டு, கடிதத்தப் பாத்துட்டு ஓரமா நின்னாவ, ஒருத்தரு எம் மக அட்டைய வாசிச்சுட்டு "எந்த ஊரு பாப்பா ஆச்சிக்கு"ன்னு கேட்டாரு, ஏரல்னதும் "எங்க அக்கா வீடு ஆத்தூரு"ன்னாரு, அதுக்கு மேல பேசல. பதினொன்றரைக்கு எல்லாரும் கரையில கெடந்த பிளாஸ்டிக்கப் பொறுக்கி மூட்ட கட்டிட்டு கெளம்புனோம். மேல ரோட்டுக்கு ஏறி வந்தா, ஒரு புங்க மரத்து நெழல்ல வண்டிய நிறுத்திட்டு இவிய நிக்காவ. ஆபீசுக்குப் போறேன்னு எட்டரைக்கே கெளம்புன மனுசன். எப்போ வந்தியன்னு நான் கேக்கல, சட்ட முதுகெல்லாம் நனஞ்சிருந்துச்சு. பிள்ள ஓடிப் போயி அட்டைய அவிய கையில குடுத்தா, அவிய அத ரெண்டாக்கூட மடிக்காம வண்டி முன்னால நிறுத்தி வச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வந்தாவ.

சாயங்காலம் பீடி சுத்துத அக்காவோட பிள்ள அன்னிக்கு நடந்த பாடத்தோட நோட்டு நாலையும் கொண்டு வந்து குடுத்துட்டுப் போச்சு, கணக்குல ஒரு இடத்துல 'இத டீச்சர் முக்கியம்னு சொன்னாவ'ன்னு பென்சில்ல எழுதி வச்சிருந்துச்சு. அட்டனன்ஸ்ல ஆப்சென்ட்தான் விழுந்துச்சு, அதுல எங்களுக்கு வருத்தம் இல்ல.

போன வாரம் சொந்தத்துல ஒரு கல்யாணம், தென்காசி பக்கம், வியாழன் வெள்ளி ரெண்டு நாளு. வழக்கம் போல பேப்பர எடுத்து 'காய்ச்சல்'னு பாதி எழுதிட்டேன். பிள்ள தல வாரிக்கிட்டே எட்டிப் பாத்துட்டு, "எம்மா, கல்யாணம்னே எழுது"ன்னா. வேற பேப்பர் எடுத்தேன்.